பாதியில் நின்ற படிமூடி

மகனே,

போனில் சொல்லக்கூடியதை எதற்காக அப்பா கடிதமாக எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் நான் சொன்ன கடைசிப் புத்திமதியால் அம்மாவின் கணுக்கால் வீங்கிப்போனது. ஆகவே இந்தமுறை எழுதுகிறேன். எழுதினால் ஒருவரும் உடனே எழும்பிப் போய் நான் சொன்னதைச் செய்யமாட்டார்கள். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். எடுக்கட்டும். சனிக்கிழமைகளில் நீ முகத்தை ஒரு முழத்துக்கு நீட்டிக்கொண்டு வர, உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும்.

நீ அந்தப் பழைய மோட்டர் ஹோமைக் கொண்டுவந்து மல்வேர்னில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திய அன்று, ரவுண்ஹவுஸ் வரிசையில் இருந்த அரைவாசிப் பேர் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு "பஸ்வீடு" என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் இருவரையும் அதில் ஏற்றிக்கொண்டு மேற்குக் கடல் வரைக்கும் ஓடுவதாக நீ சொன்னாய். வாழ்நாள் முழுக்கப் பாரம் ஏற்றிய ரக் ஓட்டியவன் நான். இந்தக் கனடாவின் பாதித் தெருக்கள் எனக்குத் தெரியும், ஆனால் பக்கத்து சீட்டில் சும்மா இருந்து ஜன்னலால் பார்த்துக்கொண்டு போனது கிடையாது. வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் எனக்குச் சரியான ஆசை. அதற்குள் என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. ஒன்றுவிட்டொருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு அரை நாள் கட்டுண்டு கிடக்கிறவன் எந்தக் கடலுக்குப் போவது?

பிறகு உனக்கு மேற்கே எட்மன்ரனில் வேலை கிடைத்தது. மருமகள் வயிற்றுப் பிள்ளையோடு முன்கூட்டியே விமானத்தில் போய்விட்டாள். தாயில்லாத பிள்ளை அவள். பிள்ளை பிறந்த வீட்டில் காயச் சரக்கு அரைத்துக் கொடுக்க, குழந்தையைக் குளிப்பாட்ட அம்மாவை விட்டால் வேறு யார்? அம்மா என்னை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றாள். போ என்று சொன்னவன் நான். கீழ் வரிசை அன்ரி சாப்பாடு தருவா, ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வான் வண்டி வருகிறது, நான் என்ன சின்னப் பிள்ளையா என்று பெரிதாகக் கதைத்தேன். நீ அவ்வளவு தூரம் தனியே ஓடக்கூடாது, கண் அயர்ந்துவிடுவாய் என்று சொல்லி, விமான டிக்கட் வேண்டாமென்று அவளும் பஸ்வீட்டில் ஏறினாள். அவள் ஏறியபோது என் வாயில் இருந்த பெரிய கதை எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

புறப்பட்ட அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்தோம். அதைவிட முக்கியமாக அம்மா போட்ட சட்டம்: இது பஸ் இல்லை, வீடு, ஒருவரும் செருப்போடு உள்ளே வரக்கூடாது. உன் சிநேகிதர்கள் பெரிய பெரிய சப்பாத்துகளைக் கழற்றி அந்த ஒடுங்கிய படிக்கட்டில் குவித்தார்கள். நான் சிரித்தேன். அந்த வாகனத்தைச் செய்தவன் படிக்கட்டை ஏறி இறங்கத்தான் செய்திருப்பான், செருப்பு ராக்கையாகவா செய்தான் என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நானும் கழற்றினேன்.

அந்தப் படிக்கட்டில்தான் எனக்கு முதல் நாளிலிருந்து ஒரு கண். கதவைத் திறந்தால் கீழே பள்ளமாக இறங்கும் படிகள். ஓடும்போது அந்தப் பள்ளம் திறந்தபடி இருந்தால் முன் சீட்டில் இருப்பவரின் கால் அந்தரத்தில் தொங்கும். அதற்காக ஒரு மூடி. சுவிச்சைத் தட்டினால் தளத்துக்குக் கீழே இருக்கும் பொந்திலிருந்து காற்றின் அழுத்தத்தில் நீண்டு வந்து பள்ளத்தை மூடிக்கொள்ளும். அதன் மேலேயும், தளத்தில் இருக்கும் அதே சாம்பல் நிறக் கம்பளம். அம்மாவுக்கு இடது கண்ணில் பார்வை போய்விட்டது உனக்குத் தெரியும். ஒரு கண்ணால் பார்க்கிறவருக்கு எது தளம், எது பள்ளம் என்று சட்டென்று பிடிபடாது. மூடி வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அம்மாவை எழும்ப விடு என்று உனக்குச் சொல்லிச் சொல்லி அலுக்க வைத்தேன். நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்றாய். சின்ன வயதில் என் ரக்கின் பிரேக் காற்று 'புஸ்' என்று விடும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையாட்டுவாயே, அதே தலையாட்டல்.

நீங்கள் போன பிறகு என் றப்பர் செருப்பைக் காணவில்லை. தேடாத இடமில்லை. கட்டிலுக்குக் கீழே பார்த்தேன், குப்பை வாளிக்குள்ளும் பார்த்தேன். கீழ் வரிசை அன்ரியின் பேரன் விளையாட எடுத்திருப்பான் என்று அவன்மேல் சந்தேகப்பட்டு அந்தப் பிள்ளையை முறைத்தும் பார்த்தேன். கடைசியில் குளியலறைச் செருப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயது போனால் புத்தியும் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ படத்தோடு போன் எடுத்தது நான் மெஷினில் கிடந்த நேரம். இடது கையில் இரண்டு ஊசி, இரண்டு குழாய். வலது கையில் போன். சுப்பீரியர் ஏரிக்கரையோரமாக ஒரு சின்ன ஊரில் பெற்றோல் அடிக்க நிறுத்தியிருந்தீர்கள். படிமூடி காலையிலிருந்து பாதி வந்து நின்றுவிடுகிறது என்றாய். அம்மாவைப் பின்னால் மேசையடியில் பெல்ட் போட்டு இருத்திக்கொண்டு மெதுவாக ஓடலாம், வழியில் பெரிய ஊர் வந்ததும் யாரிடமாவது காட்டலாம் என்பது உன் யோசனை. நல்ல யோசனை. அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் உன் பின்னால் அம்மாவின் குரல், தான் முன்னால்தான் இருப்பேன் என்று. எனக்கோ காற்று என்றதும் மீசை துடித்துவிட்டது. காற்றுப் பிரேக்கோடு காலம் முழுக்க மாரடித்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அந்த மெஷின் பக்கத்துச் சாய்வுக் கதிரையில் கிடந்து எத்தனை மாதமாக ஒருவருக்கும் ஒன்றுக்கும் உதவாத ஆளாக இருந்தேன் என்பது உனக்கு விளங்காது. நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அந்தச் சந்தோஷத்தில் எல்லாம் தெரிந்தவனாகிவிட்டேன்.

எஞ்சினை ஓடவிட்டு, காற்றழுத்த முள் மேலே வரும்வரைக்கும் பொறு என்றேன். முள் வந்தது. மூடி பாதியிலேயே நின்றது. சுவிச்சைத் தட்டும்போது காற்றைத் திறந்துவிடும் வால்வில் 'டிக்' என்று சத்தம் கேட்கிறதா என்றேன். கேட்கிறது என்றாய். அப்படியென்றால் கரண்டில் பிழை இல்லை, காற்று எங்கேயோ ஒழுகுகிறது என்று தீர்ப்புச் சொன்னேன். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, குழாய்கள் பொருந்தும் பூட்டுகளில் பூசிப் பார்க்கச் சொன்னேன். ஒரு குமிழிகூட வரவில்லை. காற்றுத் தாங்கியில் தண்ணீர் சேர்ந்திருக்கும், வெளியே போய் அதன் அடியில் உள்ள திருகைத் திறந்து விடு என்றேன். நீ போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாய். படத்தில் அம்மாவின் மூக்கும் ஒரு காதும் தெரிந்தன. போனை நேராகப் பிடிக்க அவளுக்கு என்றைக்குத்தான் வந்தது? நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் சொன்னது இதுதான்: "அதை விடும். நீர் முன்னுக்குப் போய் அந்தச் சுவிச்சை ஒருக்காத் தட்டிப் பாரும்."

போனாள். நான் சொன்னால் அவள் செய்வாள், இத்தனை வருடமாகச் செய்தாள். சுவிச் தட்டுப்பட்ட சத்தம் கேட்டது. காற்றுச் சீறியது. மூடி வருகிறது என்று சொன்னாள். பிறகு, வந்துவிட்டது போல இருக்கு என்றாள். நான் கிட்டப் போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். மகனே, அந்த இரண்டு மூன்று சொல்லைத்தான் நான் இப்போதும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். கிட்டப் போய்ப் பாரும். அடுத்த நொடி ஏதோ இடிபட்ட சத்தம். படத்தில் பஸ்வீட்டின் கூரையும் அதில் ஒரு வட்ட விளக்கும் மட்டும் தெரிந்தன.

நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. நீ வெளியே எஞ்சின் சத்தத்துக்குள் நின்றாய். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன், அந்தப் பெரிய அறையில் மெஷின்களோடு கிடந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரொறன்ரோவில் ஒரு கதிரையில் கிடந்துகொண்டு, ஒரு நாள் பயணத் தூரத்தில் இருந்த அந்த வட்ட விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைவிட வேறொன்றும் என்னால் முடியவில்லை. எழும்பினேன். எங்கே போவதாக எழும்பினேன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. கை மடங்கியது, மெஷின் அலறத் தொடங்கியது. நேர்ஸ் பிள்ளை ஓடிவந்து என் தோளைப் பிடித்து இருத்தினாள். அவளுக்கு நான் ஆங்கிலத்தில் சொல்ல நினைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. என் மனைவி விழுந்துவிட்டாள் என்பதை மட்டும் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பிறகு தெரிந்தது.

அப்போதுதான் உன் குரல் வந்தது. "அப்பா, அம்மாவுக்கு ஒண்டுமில்லை. கால் சறுக்கிப்போச்சு. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். நீங்கள் இருங்கோ."

நான் அழுதேன். அந்த நேர்ஸ் பிள்ளைக்கு முன்னால், பக்கத்துக் கதிரைக் கிழவனுக்கு முன்னால் அழுதேன். உனக்கு அதைப் போனில் மறைத்தேன், இப்போது சொல்கிறேன். நேர்ஸ் பிள்ளை என் கையை மெதுவாக நேராக்கி வைத்தாள். வேறு ஒன்றுமில்லை, நீங்கள் எழும்பினதில் குழாய் மடிந்துவிட்டது, இரத்தம் போக வழியில்லாமல் மெஷின் கத்துகிறது, கையை அசைக்காமல் இருங்கள் என்றாள். மெஷின் அடங்கியது. அந்த அமைதிக்குள்தான் என் மண்டையில் பட்டது. ஒழுக்கு, ஒழுக்கு என்று நான் ஒழுக்கையே தேடிக்கொண்டிருந்தேன். ஒழுகினால் சோப்புக் குமிழி வந்திருக்குமே. காற்று போக வழியில்லாமல் குழாய் எங்கேயோ நசிபட்டுக் கிடந்தால்?

உன்னை எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். தாங்கியில் இருக்கிற காற்றை முழுக்கத் திறந்துவிட்டு, மூடியைக் கையால் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, அது வருகிற பொந்துக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். நீ தோள்வரைக்கும் கையை விட்டாய். ஏதோ மெத்தென்று தட்டுப்படுகிறது என்றாய். இழுத்தாய். அதைப் போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாய்.

"அப்பா, இது உங்கட செருப்பெல்லோ."

ஓம், என் செருப்புத்தான். மடிந்து, வார் அறுந்து, காற்றுக் குழாயைத் தளத்தோடு சேர்த்து நசித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. மற்றது அதற்குப் பின்னால். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. உனக்கு அந்த நேரம் கோபம் வந்தது, குரலில் தெரிந்தது. அம்மாவைப் பார்த்து, அப்பா வராத பயணத்துக்கு அப்பாவின் செருப்பு எதற்கு என்று கேட்டாய். அவள் காலைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்திருப்பாள், எனக்குத் தெரியவில்லை. சொன்னது மட்டும் கேட்டது. "வாசல்லை அப்பாவின்ரை செருப்புக் கிடந்தாத்தான் எனக்கு நித்திரை வரும், தம்பி. ஆடி ஆடி உருளுது எண்டு அந்தப் பொந்துக்குள்ளை தள்ளி வைச்சனான்."

உனக்கு அது விசர்க் கதையாகப் பட்டிருக்கும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு உயர மாடியில் இருந்தோம். நான் ரக்கில் ஏறினால் திரும்பி வர நாட்கள் ஆகும். அம்மா, உன்னை வைத்துக்கொண்டு, பாஷையும் சரியாகத் தெரியாமல் தனியே. குடித்துவிட்டு யாராவது வீடு மாறி வந்து எங்கள் கதவைத் தட்டுவதும் உண்டு. அவள் என்ன செய்தாள் என்றால், கதவுக்கு வெளியே என் செருப்பை வைத்தாள். உள்ளே ஆம்பிளை இருக்கிறான் என்று பார்க்கிறவன் நினைக்க வேண்டும். ஊரில் சண்டைக் காலத்தில் ஆண்கள் இல்லாத வீடுகளில் பெண்கள் செய்த தந்திரம் அது. நடைபாதையில் ஒன்றும் வைக்கக்கூடாது என்று கட்டடத்துக்காரன் எச்சரித்துப் பார்த்தான். அவன் எடுத்து உள்ளே போடுவான், அவள் எடுத்து வெளியே வைப்பாள். நான் வந்து அவனிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, அவளை ஏசுவேன். செருப்பா கள்ளனைப் பிடிக்கும் என்று பகிடி பண்ணுவேன். நான் இல்லாத வீட்டுக்கு என் செருப்புக் காவல் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. பிறகு மல்வேர்னுக்கு வந்தோம், நானும் வீட்டோடு ஆனேன், அது மறந்துபோனது. மறந்தது நான் மட்டும் என்று இப்போது தெரிகிறது.

எலும்பு முறியவில்லை என்று அந்த ஊர் டொக்டர் சொன்னது கடவுள் புண்ணியம். குழாயும் தப்பியது, மூடி அன்றைக்கே ஒழுங்காக வேலை செய்தது. நீ உடனே எனக்கு வீடியோ எடுத்து அனுப்பினாய், மூடி வருகிறது, போகிறது, வருகிறது. அதை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். மூடியைப் பார்க்கவில்லை. ஓரத்தில் அம்மாவின் கால் தெரிகிறது, கட்டுப் போட்டபடி. அதைத்தான் பார்த்தேன்.

இனிப் புத்திமதி. அப்பா கடிதம் எழுதினால் புத்திமதி இல்லாமல் முடியாது என்று உனக்குத் தெரியும். கண்ணால் காணாத இடத்துக்குக் கட்டளை போடாதே. நாளைக்கு உன் பிள்ளைகள் தூர இடத்திலிருந்து உன்னிடம் ஒன்று கேட்பார்கள். கேட்டுவிட்டார்களே என்ற சந்தோஷப் புளுகத்தில் வாயைத் திறக்காதே. எனக்குத் தெரியாது, பக்கத்தில் இருக்கிற யாரிடமாவது காட்டு என்று சொல்லப் பழகு. அது சொல்லக் கஷ்டமான வசனம், நான் இன்னும் பழகவில்லை. மற்றது அம்மா. படியிறங்கும்போது கை தரட்டா என்று அவளிடம் கேட்காதே. கேட்டால் வேண்டாம் என்பாள், அவளுக்கு அது பழக்கம். கேட்காமல் பிடி. மூடி முழுக்க வந்துவிட்டது என்று உன் கண் சொன்னாலும், முதலில் உன் காலை அதில் வைத்துப் பார்.

எட்மன்ரனிலும் இந்த மெஷின் இருக்கிறது, நீங்களும் இங்கே வந்துவிடுங்கள் என்று நீ சொன்னாய். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது மகனே, டொக்டர் என்னிடம் சொன்னதை நான் உனக்கு அரைவாசிதான் சொன்னேன். கிட்னியோடு இப்போது இதயமும் களைத்துவிட்டது என்கிறார். பயணம் வேண்டாம் என்றார். நான் திரும்ப ஒருமுறை கேட்டேன், திரும்ப ஒருமுறை சொன்னார். அம்மாவுக்கு இதை இப்போது சொல்லாதே. பேரப்பிள்ளை பிறக்கட்டும், அவள் அதைக் கையில் தூக்கட்டும். பிறகு நீ அவளை விமானத்தில் கூட்டிக்கொண்டு வா. அதுவரைக்கும் நான் இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என் கையில் இல்லாத காரியம், நினைக்கத்தான் முடியும். காற்றுக்காவது குழாய் எங்கே நசிபட்டது என்று கண்டுபிடித்தேன். இதற்கு எங்கே கையை விட்டுப் பார்ப்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நேற்றுப் போனில், அந்த அறுந்த செருப்பை அம்மா எறிய விடுகிறாளில்லை என்று சொல்லிச் சிரித்தாய். வாரில் சேப்டி பின் குத்தி, உங்கள் புது வீட்டு வாசலில், உன் பெரிய சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாளாம். வைக்கட்டும். பின் தாங்கும் மட்டும் அது அங்கேயே கிடக்கட்டும், நீ கால் தடக்கினாலும் ஏசாதே. அது தாங்காத ஒரு நாள் வரும். அன்றைக்கு என் அளவில் புதுச் செருப்பு வாங்கி வைத்து அவளை ஏமாற்றப் பார்க்காதே. அவள் எங்கே படுக்கிறாளோ அந்த வீட்டு வாசலில், உன்னுடையதைக் கழற்றி வை.

அப்பா